இடையில் எதுவும் மாறக்கூடாது

ஆஸ்பத்திரியில் எங்கள் பிரிவில் அவரைக் கேள்வி அக்கா என்போம். விழுங்கச் சிரமப்படுகிறவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று விசாரிக்கும் கேள்வித்தாள் ஒன்று வேறு மொழியிலிருந்து தமிழுக்கு வந்திருந்தது. அது நம் நோயாளிகளுக்குச் சரிப்பட்டு வருமா என்று பார்ப்பதுதான் ஆய்வு. அக்கா கேள்வியை வாசித்துப் பதிலைக் குறிப்பார். நான் அதைக் கணினியில் ஏற்றுவேன்.

முதலில் "விழுங்கல் சிரமம் எனது சமூக வாழ்வைப் பாதிக்கிறது" என்று ஒரு வரி இருந்தது. ஒரு பெரியவர், "என் தொண்டை சமூகத்த என்னம்மா பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டார். மொழிபெயர்த்த புண்ணியவான்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். பிறகு அந்த வரி, "மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்க்கிறேன்" என்று மாறியது.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தார். அண்ணி கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. மனம்விட்டுத் திட்டக்கூட ஆள் கிடையாது. அக்கா வீடு திரும்பும்போது கீழே எல்லாரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். மூடிவைத்த தட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறுவார். மதியம் எங்கள் மேசைக்கும் வரமாட்டார். நாங்களும் ஒன்றும் விழுந்து விழுந்து கூப்பிடவில்லை.

தையல்காரர் ஒருவர் வந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு, அரைத்துக் கெட்டியாக்கிய சாப்பாடுதான் அவருக்கு இறங்கும். அதற்கும் இருமல் வரும். மனைவி இல்லை, மகன் வீட்டில் இருந்தார். மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது பற்றிய கேள்விக்கு "எப்போதும் தவிர்க்கிறேன்" என்றார்.

"நான் இருமுனா பேரப்புள்ளைங்க தட்ட வச்சுட்டு எழுந்துடுதுங்க. அதான் என் ரூம்ல செவுத்தப் பாத்து உக்காந்து சாப்பிடுறேன்" என்றார்.

இந்த ஆய்வில் ஒரு விதி உண்டு. இரண்டு வாரம் கழித்து அதே ஆளிடம் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டும். இடையில் அவர் நிலையில் எதுவும் மாறியிருக்கக்கூடாது. பதிலும் மாறாவிட்டால் கேள்வியை நம்பலாம்.

தையல்காரர் விழுங்கும் பயிற்சிக்கு அடிக்கடி வருவார். திரும்பிப் போகும் வேன் தாமதமாகத்தான் வரும். அதுவரை நடைபாதையின் கோடியில், தூணுக்குப் பக்கத்து பெஞ்சில், தூணை ஒட்டி உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார். ஒருநாள் அக்கா தன் டப்பாவோடு அங்கே போய், "இங்கதான் காத்து வருது" என்று சொல்லி உட்கார்ந்தார். அங்கே காற்றும் வராது, ஒன்றும் வராது. அவர் தாடையைத் தாழ்த்தி இரண்டு தடவை விழுங்குவார், இருமுவார், துண்டால் வாயை மூடுவார். அக்கா திரும்பியே பார்க்கமாட்டார். எழுந்தும் போகமாட்டார்.

"உங்க சட்டையில ஒரு கை மேல ஏறியிருக்கு. தச்சவன் பொண்டாட்டிகிட்ட சண்ட போட்டுட்டு வந்திருப்பான்" என்றார் அவர் ஒருநாள். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சத்தம் யாருடையது என்றே முதலில் எனக்கு விளங்கவில்லை.

இரண்டாம் தடவை கேட்டபோது அந்தக் கேள்விக்குத் தையல்காரர் "சில நேரம் தவிர்க்கிறேன்" என்றார். நான் அதை ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் அக்காவைக் கூப்பிட்டார்.

"தொண்டையில முன்னேற்றம் இல்லையே. கேள்விதான் புரியலையோ?"

தலையாட்டியிருந்தால் போதும், பழி கேள்வியின் மேல் போயிருக்கும். அக்கா ஆட்டவில்லை. "புரிஞ்சுதான் சொன்னார் டாக்டர். நான் அவர்கூட உக்காந்து சாப்பிட்டேன்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. "நமக்கு ஆளே பத்தல. இந்தத் தாள விட வேணாம். கொஞ்ச நாள் அவர் பக்கம் போகாதீங்க, திரும்பக் கேப்போம். பழைய பதிலே வந்துடும்."

"வந்துடும். அதான் பயமா இருக்கு. அவர் தாள எடுத்துடுங்க."

"அப்ப கேள்வி கேக்குற வேலைய வேற ஆளுக்குக் குடுக்க வேண்டியிருக்கும். அந்த வேலையில இருக்கிறவங்க நோயாளிங்ககூட இப்படிப் பழகக்கூடாது."

"குடுங்க டாக்டர்."

சுளையாக ஒரு ஆளைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். எனக்கு எரிச்சல்தான். மறுநாள் தையல்காரர், "என்னால உங்க வேல போச்சாமே?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"கேக்குற வேலதான் போச்சு. நீங்க சாப்பிடுங்க, ஆறுது" என்றார் அக்கா.

பயிற்சி முடிந்ததும் தையல்காரர் வருவது நின்றது. அது நிற்கும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். பதிவேட்டு அறைக்கு மாறிய அக்கா, மதியத்தில் அதே பெஞ்சில் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார். சில நாள் பார்த்தேன். பொறுக்கவில்லை. என் டப்பாவை எடுத்துக்கொண்டு போய், "இங்க காத்து வருதாமேக்கா" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். தூண் பக்கத்து இடத்தை மட்டும் காலியாகவே வைத்துக்கொண்டார்.