பள்ளிச் சட்டையில் வடிகட்டிய மருந்து

அவரைச் செடி பூவெடுத்த நேரம் பார்த்து அசுவினிப் பூச்சி அப்பியது. பூ கொட்டினால், சாமையை மட்டும் வைத்துக்கொண்டு வருடத்தை ஓட்ட வேண்டும். அப்பா ஜீப் பிடித்து மலையிலிருந்து இறங்கி, செங்கத்தில் பூச்சி மருந்து வாங்கிவந்தார். கூடவே கடைக்காரர் ஒரு டானிக்கும் கொடுத்திருந்தார். இலையில் தெளிக்கிற திரவ உரம். பூ உதிராதாம்.

எங்கள் ஊரில் மோட்டார் தெளிப்பான் ஒன்றுதான், முறை வைத்து வரும். ஒருவர் நிலத்துக்கு, எங்கள் பேச்சில் கொல்லைக்கு, ஒரு காலைப்பொழுது. அதனால் யாரும் இரண்டு தடவை அடிப்பதில்லை. இருப்பதையெல்லாம் ஒரே டிரம்மில் ஊற்றிவிடுவார்கள்.

வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் லேபிளைப் படித்தேன். கலப்பதற்கு முன் சிறிதளவு சோதிக்கச் சொல்லியிருந்தது. ஊறுகாய் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, இரண்டையும் கொஞ்சம் விட்டுக் குலுக்கி வைத்தேன். பல் தேய்த்துவிட்டு வந்தால், பால் திரிந்ததுபோல அடியில் கட்டி, மேலே எண்ணெய்.

கொல்லைக்கு ஓடினேன். “யப்பா, ஊத்தாதீங்க! ரெண்டும் ஒத்துக்கல!”

“ஊத்திட்டனேடா.” டிரம்மை எட்டிப் பார்த்தார். “ஆமா, கட்டி கட்டியாத்தான் கீது. நாசில் அடைச்சிக்கும்.”

“நாசில் இல்லப்பா, இலை கருகிடும்...”

தெளிப்பானைக் கொண்டுவந்த சித்தப்பா குறுக்கே விழுந்தார். முந்தின நாள்தான் அவர் தன் கொல்லையில் அதே இரண்டையும் கலந்து அடித்திருந்தார். “படிச்ச புள்ள சொல்றான், கேளுண்ணா. வடிகட்டி அடி.”

நான் அதைச் சொல்லவேயில்லை. அதற்குள் அம்மா என் பழைய பள்ளிக்கூடச் சட்டையை எடுத்துவந்துவிட்டார். வெள்ளைச் சட்டையில் கட்டியெல்லாம் தங்கியது.

“யப்பா, மருந்தே சட்டையிலதான் நிக்குது!”

“கசடுடா அது.”

கசடைச் சட்டையோடு கிணற்றிலிருந்து எட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தேன். மீதியை அப்பா இலை இலையாக அடித்தார்.

மறுநாள் இலை கருகவில்லை. அசுவினியும் சாகவில்லை. சாமைக்கு நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, சாயங்காலம் ஓங்கியடித்த மழை பூச்சியில் பெரும்பங்கைக் கழுவிக்கொண்டு போனது. பூ கொஞ்சம் உதிர்ந்தது, மிச்சம் பிஞ்சு பிடித்தது.

காப்பாற்றியது மழைதான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் விளக்கினேன். சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

“மழ என் கொல்லயிலயும்தான பேஞ்சிச்சு? எனக்கு மட்டும் ஏன் இலை கருகி, பூவெல்லாம் கொட்டிச்சு?”

வடிகட்டாமல் அடித்ததால்தான். அது உண்மைதான். ஆனால் வடிகட்டியதில் மருந்தும் போய்விட்டது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தோளில் கை போட்டார்.

“அடுத்த தபா நீ சொன்னாப்லயே செய்யறேன், தம்பி. பள்ளிக்கூடத்து சட்ட இன்னொண்ணு கீதா?”