பூநாரைகள் எழும்பிய பக்கம்

ஓய்வு பெற்றவர்கள் கூட்டமாகப் பறவை பார்க்கப் போவது, பறவைகளுக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போவது மாதிரிதான். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடை போகும் எங்கள் குழு, கடலோரச் சதுப்பு நிலத்திலிருக்கும் ஒரு தேசியப் பூங்காவுக்கு வேன் பேசியபோதே எனக்கு இது தெரியும். ஆனாலும் போனேன். என் மனைவிக்குப் பூநாரை பார்க்க வேண்டும்.

அவள் பெண்கள் பள்ளியொன்றில் விலங்கியல் ஆசிரியையாக இருந்தவள். பாடம் வரும்போதெல்லாம் பூநாரையின் வளைந்த அலகைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறாள். நேரில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இப்போது விழித்திரை தேய்ந்து, பார்வையின் நடுவே ஒரு கறை உட்கார்ந்துவிட்டது. ஓரங்கள் மட்டும் மிச்சம். என் முகத்தைப் பார்ப்பதென்றால் வேறெங்கோ பார்ப்பவள்போல் தலையைத் திருப்பிக்கொள்வாள். கறை இன்னும் பெரிதாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த சீசனை நம்ப முடியாது.

பூங்காவின் விதிகளை முழுக்கப் படித்தேன். அரசு அலுவலகத்தில் விதிகளோடு குடும்பம் நடத்தியவனுக்குப் படிக்காமல் இருக்க வராது. பளிச்சென்ற நிறம் கூடாது, சத்தம் கூடாது, விடிந்ததும் கிளம்பும் முதல் ஜீப்பில் போனால் பறவைகள் கரையோரமாகவே மேயும். எல்லாவற்றையும் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவரும் படிக்கவில்லை.

முதல் நாளே போய் லாட்ஜில் தங்கினோம். விடியலில் வேன் நேரத்துக்குக் கிளம்பியது. பூங்காவுக்குச் சற்று முன்னால் ஒரு பெருமாள் கோயில் வந்தது. எங்கள் ஆட்கள் ஏறிய வேனால் திறந்திருக்கும் கோயிலைத் தாண்ட முடியாது.

"அஞ்சே நிமிஷம் சார். பெருமாளே வழியில வந்து நிக்கறார்," என்றார் குழுவின் செயலாளர், ஒரு காலத்தில் பேங்க் மேனேஜர்.

"அவர் எப்பவும் அங்கதான் நிக்கறார். ஜீப்தான் நிக்காது."

"ஆரம்பிச்சுட்டார்பா. இப்ப ரூல் நம்பர் சொல்லுவார் பாருங்க."

வேன் முழுக்கச் சிரிப்பு. டிரைவர் திரும்பி, "இன்னா சார், நிறுத்தவா, போவவா?" என்றார். நிறுத்தச் சொன்னார்கள். அர்ச்சனை, பிரகாரம், தொன்னையில் பொங்கல். வேனிலேயே உட்கார்ந்திருந்தது நானும், மாதாகோயிலுக்குப் போகிற கணக்கு வாத்தியாரும்தான். பொங்கல் வாசனை வந்ததும் அவரும் இறங்கிவிட்டார்.

முதல் ஜீப் போயிருந்தது. வெயில் ஏறியபின் கிடைத்ததில் போனோம். புள்ளிமான்கள் எங்களைச் சலிப்போடு பார்த்தன. நானும் அப்படியே பார்த்தேன். சேற்று விளிம்பில் இறக்கிவிட்டார்கள். எதிரே நீர்ப்பரப்பு, அதில் சற்றுத் தள்ளி, சுண்ணாம்பில் துளி குங்குமம் கலந்து இழுத்ததுபோல் ஒரு கோடு.

"அதான் பூநாரை. காலைல வந்திருந்தா இங்கயே பார்த்திருக்கலாம்," என்றார் வழிகாட்டி. மூன்று கால் தாங்கியில் டெலஸ்கோப் வைத்தார். ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். மனைவியின் முறை வந்தபோது நானே தலையைப் பிடித்துப் பொருத்தினேன்.

"தெரியுதா?"

"இல்லீங்க."

"நேரா பாரேன்."

"நேரா பார்த்தா என்ன தெரியும்னு உங்களுக்குத் தெரியாதா?"

டெலஸ்கோப் எதையும் நடுவில்தான் கொண்டுவந்து நிறுத்தும். அவளுக்கு இல்லாமல் போனதே அந்த நடுதான். எல்லா விதிகளையும் படித்தவன் இதை யோசிக்கவில்லை.

"பரவால்லீங்க. வந்தாச்சுல்ல," என்று நகர்ந்துகொண்டாள். எனக்கு முழங்கால் வலித்தது. வேன் எப்போது திரும்பும் என்றிருந்தது.

இதற்குள் செயலாளர் குழுவின் பேனரை விரித்துவிட்டார். பளிச்சென்ற ஆரஞ்சு. தண்ணீருக்கு முதுகைக் காட்டி எல்லோரையும் நிற்க வைத்து, "எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க!" என்றார்.

"ஃபிளமிங்கோ!"

"சார், கத்தாதீங்க சார்!" என்று வழிகாட்டி அதைவிடப் பெரிதாகக் கத்தினார். மீறிய விதிகளை வரிசையாகச் சொல்ல நான் வாயெடுத்தேன். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எந்திரிக்குதுங்க."

வேறு யாரும் அதுவரை கவனிக்கவில்லை. அவள் முகம் தண்ணீரை விட்டுப் பக்கவாட்டில் கரையோரமாகத் திரும்பியிருந்தது. நான் தண்ணீரைப் பார்த்தேன். கோடு மொத்தமாகக் கலைந்து மேலே வந்தது. இறக்கைகள் விரிய விரிய உள்ளிருந்து சிவப்பும் கறுப்பும். கூட்டம் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கள் முன்னால் குறுக்காக நீண்டுகொண்டே போனது. அது ஓயும்வரை அவள் முகத்தைத் திருப்பவே இல்லை.

"கழுத்து இவ்ளோ நீளமா நான் போட்டதே இல்லீங்க," என்றாள். "போர்டுல இடம் பத்தாது."

திரும்பும் வழியில் செயலாளர், "நாம கத்தலன்னா வெறும் கோட்டத்தானே சார் பார்த்திருப்போம்?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

பெருங்களத்தூர் நெரிசலில் வேன் நின்றது. பின்சீட்டில் அந்தாக்ஷரி ஓயவில்லை. மனைவி எதிர்ப்பக்க ஜன்னலை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு லாரியின் பக்கவாட்டைத் தவிர ஒன்றுமில்லை.

"என்ன பார்க்கற?"

"உங்களத்தான்," என்றாள். "கோயிலுக்குள்ள வரமாட்டேன்னீங்க. சட்டையில பொங்கல் காஞ்சு ஒட்டியிருக்கு."