முன்னங்காலுக்குப் பின்னால்

வேட்டை வகுப்புக்கு நான் போனது மொழிபெயர்ப்பதற்காக மட்டும்தான். என் கணவர் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஆட்கள் வேகமாகப் பேசினால் பாதி நழுவிவிடும். நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பார்க்டேலில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். அவருக்கு யன்னல் சட்டம் செய்யும் பக்டரியில் வேலை. நான் ஒரு முதியோர் இல்லத்தில் குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது என்று ஓடித்திரிந்தேன். ஊரில், மட்டக்களப்புப் பக்கம், நான் சத்திரசிகிச்சை அறையில் தாதியாக இருந்தவள். அந்தப் படிப்பை இங்கே ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டில் அவர் மட்டும் என்னை இன்னும் "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவார், பாதி பகிடியாகவும் பாதி மரியாதையாகவும்.

பக்டரியில் அவரோடு வேலை செய்த பின்லாந்துக்காரர் ஒருவருக்கு வடக்கே காட்டுக்குள் ஒரு மரவீடு இருந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் நாலைந்து நண்பர்களோடு அங்கே மான்வேட்டைக்குப் போவார். என் கணவர் ஊரில் வயலுக்குக் காவல் இருந்த காலத்தில் துவக்குப் பிடித்தவர் என்று தெரிந்ததும், "நீயும் வா, மனைவியையும் கூட்டிக்கொண்டு வா" என்று பிடிவாதமாக நின்றார். ஆனால் வகுப்பில் பரீட்சை எழுதி அனுமதி அட்டை எடுக்காமல் இங்கே துவக்கைத் தொட ஏலாது.

வகுப்பு பிக்கரிங் தாண்டி ஒரு மண்டபத்தில் நடந்தது. சனிக்கிழமை காலை ட்ரெயினில் போய் இறங்கினோம். முழு வகுப்பிலும் நான் ஒருத்திதான் பெண், நாங்கள் இருவர்தான் கறுத்த முகம். படிப்பித்தவர் மெலிந்த, அமைதியான மனிதர். முதலில் கடைசி வரிசையில் இருந்து நான் கிசுகிசுத்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, "முன்னுக்கு வாங்க, சத்தமாகவே சொல்லுங்க. எனக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்" என்றார். அதன் பிறகு அவர் ஒரு வசனம், நான் ஒரு வசனம் என்று வகுப்பு ஓடியது.

சுவரில் ஒரு மானின் படம், உண்மையான மானின் அளவிலேயே. அதன்மேல் கண்ணாடித்தாள்கள். ஒரு தாளைப் போட்டால் எலும்புகள், இன்னொன்றைப் போட்டால் நெஞ்சறை. அவர் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் விரலை வைத்தார். இரண்டு சுவாசப்பையும் அங்கேதான் இருக்கின்றன. இருதயம் அதற்குக் கொஞ்சம் கீழே. அங்கே பட்டால் மூளைக்கு இரத்தம் போவது உடனே குறைந்துவிடும். மான் கொஞ்சத் தூரம் ஓடும், பிறகு விழும். அது என்ன நடந்தது என்று அறிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"தலையில வெடி வைச்சா நிண்ட இடத்திலயே விழுமே? அதைக் கேளுகா" என்றார் என் கணவர், எங்கள் ஊர்க் 'கா' போட்டு.

கேட்டேன். படிப்பித்தவர் மறுத்துத் தலையாட்டினார். மான் தலையை ஒரு கணமும் சும்மா வைத்திருக்காது. மூளையோ ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். ஒரு விரற்கடை தவறினால் தாடை உடையும். தாடை உடைந்த மான் ஓடித் தப்பிவிடும். பிறகு மேய முடியாமல், தண்ணீர் குடிக்க முடியாமல் நாட்கணக்கில் கிடந்து சாகும்.

இதைத் தமிழில் சொல்லத் தொடங்கி இடையில் நின்றுவிட்டேன். ஊரில், சண்டைக் காலத்தில், தாடையில் துவக்குச் சூடுபட்ட ஒருவருக்கு நான் குழாய் வழியாகக் கஞ்சி விட்டிருக்கிறேன். அவர் ஏதோ சொல்ல முயன்று முயன்று கடைசியில் என் கையை மட்டும் தட்டிக்கொண்டிருப்பார்.

"என்னகா, மறுகா என்ன சொன்னவர்?"

"தலையில வைக்கவேண்டாமாம்" என்றேன். "தவறினா அது பட்டினியில சாகுமாம்."

என் கணவர் தன் தாடையைத் தடவிக்கொண்டார்.

அடுத்து படிப்பித்தவர் பஞ்சடைத்த பொம்மை மான் ஒன்றை மேசையில் வைத்தார். நீளமான கம்பளி பின்னும் ஊசி ஒன்றை அதற்குள் குத்தி மறுபக்கத்தால் எடுத்துக் காட்டினார். மான் பக்கவாட்டில் நின்றால் ஊசி இரண்டு சுவாசப்பைக்குள்ளாலும் போனது. முன்புறத்தை எங்களுக்கு அப்பால் திருப்பிக் கோணலாக நின்றால் விலாவுக்குப் பின்னால் புகுந்து எதிர்ப்பக்கத்து முன்னங்காலடியில் வெளியே வரவேண்டும். எங்களைப் பார்த்து நேரே நின்றாலும், பின்பக்கத்தைக் காட்டி நின்றாலும் வெடி வைக்கக் கூடாது. "சன்னம் எங்கே புகும் என்று பார்க்காதீர்கள். எங்கே வெளியே வரும் என்று பாருங்கள்" என்றார். மூன்று வருடம் சத்திரசிகிச்சை அறையில் நின்ற எனக்கு அதை விளங்கிக்கொள்ளக் கஷ்டம் இருக்கவில்லை. சன்னம் போன வழியில் எதைக் காப்பாற்றலாம் என்று நாங்கள் அங்கே அதே கேள்வியைத் தலைகீழாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பின்னேரம் சன்னங்களைப் பற்றிச் சொன்னார். நடுவால் வெட்டிய இரண்டு சன்னங்களைக் கையில் தந்தார். ஒன்று முழுவதும் செப்பால் மூடியது. ஊசி போல நேரே போய்விடும். துளை சிறியது, விலங்கு சாக நெடுநேரம் எடுக்கும். ஆகவே மானுக்கு அது கூடாது. மற்றது நுனியில் ஈயம் வெளியே தெரிவது. உடம்புக்குள் போனதும் காளான் போல விரியும், அகலமாக வெட்டும். ஆனால் அளவுக்கு மிஞ்சி மெல்லியதாக இருந்தால் தோள் எலும்பில் பட்டதும் தூளாகிவிடும். மேலே பெரிய காயம், உள்ளே ஒன்றும் இல்லை. விரியவும் வேண்டும், கட்டுக்குலையாமல் மறுபக்கம் வரை போகவும் வேண்டும். அப்படிப்பட்டதைத் தெரிந்தெடுங்கள் என்றார்.

யாரோ ஒருவர் கேட்டார்: அப்படியென்றால் இராணுவம் ஏன் மூடிய சன்னத்தைப் பாவிக்கிறது?

"மனிதர்மேல் விரியும் சன்னம் பாவிக்கக் கூடாது என்று நாடுகள் உடன்பட்டிருக்கின்றன. அது கொடூரமாம்" என்றார் அவர். "மானுக்கு மூடிய சன்னம் கொடூரம். எனக்கும் இது விசித்திரமாகத்தான் இருக்கிறது."

எல்லோரும் இலேசாகச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்து, மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார். நான் சொல்லவில்லை. அந்த மூடிய சன்னங்களில் சிலவற்றை நான் உருக்குப் பாத்திரத்தில் ஏந்தி வாங்கியிருக்கிறேன். உருக்குலையாமல், கழுவினால் புதிதுபோல இருக்கும். அவை தங்கியிருந்த உடம்புகளில் சில பிழைத்தன. விரியாததால்தான் பிழைத்தார்கள் என்று அன்று அந்த மண்டபத்தில்தான் எனக்கு விளங்கியது. வேறு சிலர் மெதுவாகச் செத்ததும் அதே காரணத்தால்தான்.

திரும்பி வரும்போது ட்ரெயினில் என் கணவர் கேட்டார். "கடைசியா அவர் சொன்னதை நீ எனக்குச் சொல்லல மிஸ்ஸி."

சொன்னேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "மானுக்கு உடனே சாவு, மனிசனுக்குப் பிழைக்க ஒரு வழி. ரெண்டும் நல்லதுதானே" என்றார். நான் அப்படி யோசித்துப் பார்த்திருக்கவில்லை.

பரீட்சையில் இருவரும் தேறினோம். நான் ஏன் எழுதினேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கேள்விகளை வாசித்துச் சொல்லப் போனவளிடம் படிப்பித்தவர் ஒரு தாளை நீட்டினார், வாங்கி எழுதிவிட்டேன். பின்லாந்துக்காரர் எங்களைக் கைவிடப்பட்ட ஒரு கல்லுக்குழிக்குக் கூட்டிப்போய்ச் சுடப் பழக்கினார். கடதாசிச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றைத் தடியில் குத்திவைப்பார். "எல்லா வெடியும் தட்டுக்குள் விழும் தூரம் எதுவோ, அதுதான் உன் தூரம். அதற்கு அப்பால் மான் நின்றால் அது உன் மான் இல்லை." என் தூரம் குறைவு. என் கணவரின் தூரம் அதைவிடக் கொஞ்சம் கூட. இருவருக்கும் தோள் கன்றிப்போனது.

நவம்பரில் போனோம். மூன்றாம் நாள் காலை, நானும் என் கணவரும் ஒரு சரிவில், விழுந்துகிடந்த மரத்துக்குப் பின்னால் இருந்தோம். ஈரமான இலைகளில் பனி மெல்லிசாகப் படிந்திருந்தது. கொம்புள்ள ஆண்மான் ஒன்று மரங்களுக்கிடையில் மேய்ந்தபடி வந்தது. அவருடைய தூரத்துக்குள் வந்து பக்கவாட்டில் நின்றது. வகுப்புச் சுவரில் பார்த்த படம் அப்படியே. அவர் மூச்சை விட்டார், விசையை அழுத்தினார். அந்தக் கணத்தில் மான் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தது.

அது துள்ளவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, வாலைத் தொங்கப்போட்டபடி, நடந்தே பற்றைக்குள் போனது.

அவர் எழும்பி ஓடப் பார்த்தார். நான் அவருடைய ஜக்கெற்றைப் பிடித்து இழுத்தேன்.

"விடுகா! பட்டிட்டு!"

"பட்டிட்டுத்தான். பின்னுக்குப் பட்டிட்டு. இருங்க."

நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தோம். பனியில் இரத்தம் கிடந்தது. சுவாசப்பையில் பட்டால் இளஞ்சிவப்பாக, நுரையோடு இருக்கும். இது கறுத்திருந்தது. ஈரல். படிப்பித்தவரும் சொல்லியிருந்தார், எனக்கு முன்பே தெரிந்த நிறமும்தான். இப்போது துரத்தினால் அது பயத்தில் கண்காணாத தூரம் ஓடும், எங்கோ தனியே கிடந்து சாகும். துரத்தாமல் விட்டால் கிட்டவே படுத்துவிடும்.

"காத்திருக்கவேணும்" என்றேன்.

"அது நோவில கிடக்குமே."

"ஓம். கிடக்கும்."

இதைப்போல ஒரு காத்திருப்பு எனக்கு வேறு வாய்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் காயத்தைக் கண்டால் கை தன்பாட்டில் வேலை செய்யும். இங்கே சரியான வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். அவர் மரத்தில் சாய்ந்து, கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். ஒருதரம், "ஒரு அடிதானே வைச்சது" என்றார். நான் பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. பனி திரும்பவும் தூறத் தொடங்கியபோது எனக்கும் பயம் வந்தது; இரத்தத் தடம் மூடப்பட்டால் எல்லாம் போச்சு. என்றாலும் இன்னும் கொஞ்சம் பொறுத்தோம்.

பிறகு துளித்துளியாகத் தடத்தைப் பார்த்துப் போனோம். அவர் தடத்தைப் பார்த்தார், நான் முன்னால் பார்த்தேன். ஒரு தேவதாரு மரத்தின் கீழே அது படுத்திருந்தது. முதுகு எங்கள் பக்கம் சரிந்திருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. காதைத் திருப்பி எங்கள் காலடிச் சத்தத்தைக் கேட்டது. எழும்ப முயன்று முன்னங்காலை ஊன்றியது, முடியவில்லை.

அவர் றைபிளைத் தூக்கினார். குழலின் நுனி ஆடியது. இறக்கினார். மறுபடி தூக்கினார்.

"எனக்கு ஏலாதுகா" என்றார் மெதுவாக. "இன்னொருக்காத் தவறிடும். நீ வை."

வாங்கினேன். என் தூரத்துக்குள்தான் கிடந்தது. கன்னத்தைத் துவக்கின் கட்டையில் வைத்தபோது எனக்குக் கருணையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மான் சரிந்து கிடந்த கோணத்தில் எதிர்ப்பக்கத்து முன்னங்கால் எங்கே இருக்கும் என்று மட்டும் யோசித்தேன். விலாவுக்குப் பின்னால் தொடங்கி அந்தக் கால்வரை மனதுக்குள் ஒரு கோடு போட்டேன். அழுத்தினேன்.

தலை பனியில் இறங்கியது. பின்னங்கால் ஒருதரம் நீண்டு ஓய்ந்தது. கிட்டப்போய், சொல்லித்தந்தபடி கண்ணின் மணியைத் தடியால் தொட்டுப் பார்த்தேன். இமைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் பக்கத்தில் வந்து குந்தி, தொப்பியைக் கழற்றிவிட்டு, மானின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். துவக்குச் சத்தம் கேட்டுப் பின்லாந்துக்காரர் தேடி வந்துவிட்டார்.

அவர் வயிற்றைக் கீறி உள்ளுறுப்புகளை எடுக்கும்போது பார்த்தேன். முதல் சன்னம் ஈரலின் பின்னோரத்தைக் கிழித்துப் போயிருந்தது. இரண்டாவது இரண்டு சுவாசப்பையையும் துளைத்து, மறுபக்கத் தோலின் கீழே தங்கியிருந்தது. அவர் அதை விரலால் பிதுக்கி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். காளான் போல விரிந்து, இன்னும் சூடாக இருந்தது. "இது எப்படி இருக்க வேண்டுமோ அப்படி" என்றார். என் கணவரின் தோளைத் தட்டி, "எனக்கும் நடந்திருக்கிறது. மான்கள் நடக்கும்" என்றார். அதைவிட ஆறுதலாக அவரால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

எங்கள் பங்கு இறைச்சியைப் பார்க்டேலுக்குக் கொண்டுவந்து மிளகும் தேங்காய்ப்பாலும் போட்டுக் காய்ச்சினேன். மணம் மாடிப்படிவழியே போயிருக்க வேண்டும். கீழ்மாடியில் இருந்த யாழ்ப்பாணத்து அன்ரி கதவைத் தட்டினா.

"பிள்ளை, நீயே சுட்டனி எண்டு உன்ர மனிசன் சொல்லுறார். மெய்யோ?"

"ஓம் அன்ரி."

"ஐயோ, உது பாவமெல்லே?"

"பாவம்தான் அன்ரி."

அவ இன்னொருக்கா மணம் பிடித்தா. பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "இண்டைக்கு வெள்ளிக்கிழமை, நான் இறைச்சி தொடமாட்டன். நாளைக்கு வாறன், ஒரு கிண்ணம் எடுத்து வை" என்றா.

அடுத்த கோடை முழுவதும் என் கணவர் சனிக்கிழமைகளில் கல்லுக்குழிக்குப் போய்த் தட்டுக்குச் சுட்டார். நவம்பரில் தனியே காட்டுக்குப் போனார். நான் அந்த நாட்களில் தாதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழமை கழித்து வெறுங்கையோடு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் வந்து குந்தினார்.

"காணயில்லையா?"

"கண்டன். கிட்டத்தான் நிண்டது, நல்ல பெரிசு. ஆனா முகத்தை என்னைப் பார்த்து வைச்சுக்கொண்டு நிண்டது. திரும்பும் திரும்பும் எண்டு பார்த்தன்."

"மறுகா?"

"திரும்பல. பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போயிற்று."

புட்டும் மீன்குழம்பும் வைத்தேன். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். நான் புத்தகத்தை மூடிவிட்டு, அந்த மான் எந்தப் பக்கத்தால் வந்தது, எவ்வளவு பெரிய கொம்பு என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தேன். அவர் கையைக் கழுவாமலே, விரலால் தட்டில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.