போயிட்டு வாறன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்

1991 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். காற்றே இல்லை, வாவி அசையாமல் கிடந்தது, வெயிலில் கண் கூசியது. மட்டக்களப்பு நகரில் ஒரு நிவாரண அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. நான் கணக்கு எழுதிய அரிசி ஆலை மூடி ஒன்பது மாதம். வீட்டில் ஐந்து வாய்.

பள்ளிக்கூட ஆங்கிலம் போதாது, வெள்ளைக்காரர்களைப் போலவே பேசவேண்டும் என்று பன்னிரண்டு மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்திருந்தேன். சவரம் செய்யும்போதும் சொல்லிப் பார்த்ததில் தாடையில் ஒரு வெட்டு.

“முதலில் பனிக்கட்டியை உடைப்போம்” என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். டென்மார்க்கிலிருந்து வந்த அதிகாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. இந்த வேலை எனக்கு ஒரு துண்டு கேக் என்றேன். பெரியகல்லாறு போன்ற ஊர்களில் மக்களிடம் பேசும்போது பற்றையைச் சுற்றி அடிக்கமாட்டேன், நேரே விஷயத்துக்கு வருவேன் என்றேன். ஏழு தொடர்களை இறக்கிவிட்டேன். முடிவை அறிவிப்பதாகச் சொன்னார். எழுந்து கைகொடுத்து, “ஐ வில் கோ அண்ட் கம்” என்றேன். அது என் பன்னிரண்டில் இல்லை. வாயில் தானாக வந்தது.

சண்டைக் காலம், என் ஊர் செங்கலடிக்கு அன்றைய கடைசி பஸ் பகல் பன்னிரண்டு மணிக்கே. ஏறி உட்கார்ந்தும்விட்டேன். அலுவலகக் காவலாளி சைக்கிளில் வியர்க்க வந்து ஜன்னலில் தட்டினார்.

“ஐயா, எப்ப வருவீங்க எண்டு துரை கேக்கிறார். உங்களுக்கும் சேத்துத் தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கார்.”

“நான் எங்க வாறன் எண்டு சொன்னன்?”

“போயிட்டு வாறன் எண்டீங்களாம்.”

“அது சும்மா சொல்றதுதானே, தம்பி.”

“எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதே.”

இறங்கினால் பஸ் போய்விடும். இறங்காவிட்டால் சொன்ன சொல் தவறியவன் என்று வேலை போய்விடும். இறங்கினேன். சைக்கிள் பாரில் உட்கார்ந்து போனேன், ஐம்பத்திரண்டு வயதில்.

தேநீர் ஆறியிருந்தது. எங்கள் ஊரில் யாரும் ‘போகிறேன்’ என்று மட்டும் சொல்லிப் படி இறங்குவதில்லை என்று விளக்கினேன். இப்போதெல்லாம் காலையில் போனவர்கள் எல்லாரும் வந்துவிடுவதில்லை, அதனால் அந்த ‘வாறன்’ காதில் விழும்வரை வீட்டில் யாரும் உள்ளே திரும்புவதில்லை என்றேன். இதில் ஒரு மரபுத்தொடரும் இல்லை, மறந்தே போயிருந்தேன்.

அவர் ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு, இப்படி எடுத்துச்சொல்ல ஒருவர்தான் தனக்குத் தேவை, நாளை கதிரவெளிக்கு மொழிபெயர்ப்பாளராக வாகனத்தில் தன்னோடு வரமுடியுமா என்று கேட்டார்.

வீடு திரும்ப வாடகைக் கார்தான் கிடைத்தது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் பேரம்பேசவும் மறந்துவிட்டேன். இருநூற்று எழுபத்தைந்து ரூபாய்.