ஒரே நிறத்து இரண்டு படைகள்

பரசுராமன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டால் ஆரணியில் அவன் தெருக்காரர்களுக்கே சரியாகச் சொல்ல வராது. "கம்ப்யூட்டர்ல மிலிட்டிரிகாரனுக்குச் சட்ட தெச்சுகினு இருக்கான்" என்பார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. வீடியோ கேமில் ஓடி ஓடிச் சுடுகிற சிப்பாய்களை வேறு யாரோ வெறும் உருவமாகச் செய்து அனுப்புவார்கள். சீருடையின் நிறம், துணியின் நெசவு, முழங்காலில் தேய்ந்த வெளுப்பு, அக்குளில் உப்புப் பூத்த வியர்வைக் கறை எல்லாம் பரசுராமன் கைவேலை. முன்பு பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போட்டவன். அதைப் பார்த்துத்தான் சென்னைக் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே செய்யச் சொல்லி வேலை கொடுத்தது.

அப்பா அம்மா இல்லாத வீடு. தங்கை காவ்யாவுக்கு முடித்துவிட்டுத்தான் தன் கல்யாணம் என்று இருந்தான். தேசூரிலிருந்து ஒரு வரன் கூடி வந்தது. பையன் சிவகுமார், பள்ளிக்கூட வாத்தியார். அந்த நேரம் பார்த்தா இவனுக்கு இருமல் பிடிக்க வேண்டும்! சளியைச் சோதித்துவிட்டு டிபி என்று சொல்லிவிட்டார்கள்.

மாத்திரை கொடுத்த நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னாள். "விடாம சாப்டணும். இதுல ஒரு மாத்திர செல பேருக்குக் கண்ண பாதிக்கும். கண்ணு மங்கினாலோ, செகப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாம போனாலோ ஜல்தியா ஓடியாந்துடணும், இன்னா?"

பரசுராமன் தலையை ஆட்டினான். காதில் விழுந்தால்தானே? டிபி இருக்கிற வீட்டில் பெண் எடுக்க எவன் வருவான் என்பது மட்டும்தான் அவன் மண்டைக்குள் ஓடியது. மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு ஒளித்தான். காற்று வருகிறது என்று சொல்லிப் படுக்கையை மாடிக்கு மாற்றிக்கொண்டான். தங்கையிடம்கூட மூச்சு விடவில்லை.

இருமல் அடங்கிற்று, உடம்பும் தேறிற்று. மூன்றாவது மாதம் சென்னையிலிருந்து ஹேமலதா போன் செய்தாள். அவன் அனுப்புவதையெல்லாம் சரிபார்க்கிறவள்.

"பரசு, என்ன ஆச்சு உங்களுக்கு? ஒரு படைக்குப் பச்சை, எதிரிக்குச் செம்மண் கலர்னுதானே சொன்னேன்? ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. ஆடிப் பாக்கறவங்க தன்னோட ஆளையே சுட்டுத் தள்றாங்க."

"மானிட்டர் கோளாறுங்க மேடம். இங்க கரண்ட்டு ஏறி எறங்கி ஒரே பேஜாரு."

அப்படித்தான் அவன் நம்பினான். நிற விஷயத்தில் தன் கண் தப்பும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவு கர்வம். புது மானிட்டர் வாங்கி மாட்டினான். முன்பு செய்து எல்லோரும் மெச்சிய சிப்பாய்களை அதில் திறந்தான். அவர்களும் சாம்பல் பூசினாற்போல் நின்றார்கள். காவ்யாவைக் கூப்பிட்டான்.

"இவன் சட்ட இன்னா கலரு?"

"பச்சண்ணா."

"பக்கத்துல இருக்கறவன்?"

"செகப்பு. இன்னாண்ணா, வெளையாடிகினு இருக்கியா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நர்ஸம்மா சொன்னது அவனுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லையே, பாவி! அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். இப்போது போய்ப் படுக்க வைத்துவிட்டால், விஷயம் வெளியே வந்துவிட்டால்? மாத்திரையை நிறுத்தவும் பயம். தட்டு மாற்ற வருகிறவர்கள் எதிரில் இருமித் தொலைத்தால் என்ன செய்வது? நிச்சயம் முடியட்டும் என்று அதையே விழுங்கிக்கொண்டிருந்தான். கம்பெனி வேலையை, கம்ப்யூட்டர் ஒவ்வொரு நிறத்துக்கும் காட்டும் எண்ணைப் பார்த்துக் குருட்டாம்போக்கில் ஒப்பேற்றினான்.

தட்டு மாற்றினார்கள். மறுநாள் காலை டாக்டர் எதிரில் உட்கார்ந்தான். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளை அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். இவனுக்கு எல்லாம் வெறும் புள்ளி.

"மங்கின அன்னிக்கே வந்திருந்தா அந்த ஒரு மாத்திரைய நிறுத்தியிருப்போம், பார்வை திரும்பியிருக்கும். இப்ப உறுதியா சொல்ல முடியாதுப்பா" என்றார்.

நுரையீரல் சுத்தமாயிற்று. நிறம் திரும்பவில்லை. கண் விஷயத்தைச் சொன்னபோது ஹேமலதா அவனை வேலையைவிட்டு நீக்கவில்லை, நிறம் தேவைப்படாத வேலையாகப் பார்த்துக் கொடுத்தாள். துணி மடிப்பு, கிழிசல், குண்டு துளைத்த ஓட்டை. கறுப்பு வெள்ளையில் இவன் போட்டு அனுப்ப, வேறொருவன் நிறம் தீட்டினான். பகலெல்லாம் செத்த சிப்பாய்களின் சட்டையைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கல்யாணம் நெருங்கியபோது மனசு தாங்காமல் காவ்யாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் திட்டினாள், அழுதாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். சிவகுமாரிடம்தான் பேசப் போகிறாள் என்று தெரிந்ததும் பரசுராமன் மாடிப்படிக்குக் கீழேயே போய் நின்றுகொண்டான். ஆனால் அவள் உடனே இறங்கி வந்துவிட்டாள்.

"இன்னா சொன்னாரு?"

"மாத்திர முழுசா சாப்டாரான்னு கேட்டாரு. சாப்டாருன்னேன். அப்போ சரியாயிடும், அதுக்கேன் அழறன்னாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாண்ணா." காவ்யா அவன் எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இத அப்பவே கேட்டிருக்கலாமேண்ணா!"

பரசுராமன் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.