சாய் வராத செவ்வாய்க்கிழமை

அந்த மழைக்காலம் முழுக்க நான் ஒரு கட்டிலாக இருந்தேன். ஏழாம் நம்பர் கட்டில். பம்பாயில் செம்பூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி, அதன் பின்கட்டில் ஒரு மாடி, மாடியில் இருபது கட்டில் போட்ட மனநோய் வார்டு. ஜன்னலைத் திறந்தால் ஆலைகள் இருந்த திசையில் வானத்தின் ஓரம் சிவந்து கிடக்கும். மாத்திரை உள்ளே போன பிறகு அந்தச் சிவப்பு மெல்ல நகர்ந்து வந்து என் போர்வைமேல் உட்காரும். நான் அதைத் தடவிக் கொடுத்ததுகூட உண்டு.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்றால், ரயிலில் ஏறாமல். மாட்டுங்காவில் வீடு, கோட்டையில் குமாஸ்தா வேலை. ஒரு நாள் காலை வண்டி வந்தது, ஏறவில்லை. அடுத்தது வந்தது, அதையும் விட்டேன். சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார்ந்து வந்த வண்டிகளையெல்லாம் வழியனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாளும் அதுதான். நாலாம் நாள் அண்ணா தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தார். தயிர்சாதம் வைத்த வடிவம் கலையாமல் இருந்தது. டப்பாவை மூடினார். டாக்ஸி பிடித்தார்.

வார்டில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான். நான் மாட்டுங்கா. எட்டாம் கட்டில்காரர் தாராவி. திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர், தாராவியில் தோல் பட்டறையில் வேலை, நாற்பது வயதிருக்கும். குரல்கள் கேட்கின்றன என்று கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

"என்ன சொல்றது அந்தக் குரல்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அது என்னத்தச் சொல்லும். வேலைக்கு நேரமாச்சு, எந்திலேங்குது. ஒமக்கு அப்படி ஒண்ணு கேட்டிருந்தா ரயிலாவது ஏறியிருப்பீரு."

நான் சிரித்தேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த சிரிப்பு. யாரோ பக்கத்து அறையில் சிரிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் கரண்ட் நாள். தலைக்குள் மின்சாரம் பாய்ச்சும் வைத்தியம், பெரிய பெயர் ஒன்று அதற்கு இருந்தது. வார்டில் எல்லோருக்கும் அது கரண்ட்தான். கோடியில் ஒரு பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு பெட்டி. யாருக்குக் கரண்ட் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் ராத்திரி தூங்க மாட்டோமாம். ஆனால் கரண்ட் உள்ளவருக்கு வெறும் வயிறாக இருக்க வேண்டும். அதனால் சாய் கிடையாது. விடிந்ததும் வார்டு ஆயா மௌசி அலுமினியக் கெட்டிலோடு வரிசையாக ஊற்றிக்கொண்டு வருவாள். நல்ல பெண்பிள்ளை, குனிந்த தலை நிமிராமல் ஊற்றுவாள். ஏதோ ஒரு கட்டில் வரும்போது அவள் கால் கொஞ்சம் வேகமெடுக்கும். கெட்டில் தாண்டிப் போய்விடும். அவ்வளவுதான். நீட்டின கிளாஸ் நீட்டினபடி நிற்கும்.

தாராவியை அது இரண்டு முறை தாண்டிப் போனது. முதல் முறை எழுந்து கெட்டிலை உதைத்தார், மௌசியின் கை வெந்துபோனது. இரண்டாம் முறை பிடிக்க வந்த ஆளைச் சுவரோடு தள்ளினார். இன்னொரு முறை நடந்தால் ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம் என்றார் சிஸ்டர். அங்கே போனவர்கள் திரும்பியதாக வார்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. அம்பர்நாத்தில் ஆலை வேலையில் இருந்த தாராவியின் தம்பியிடம் அதற்கான காகிதத்தில் கையெழுத்துகூட வாங்கி வைத்துவிட்டார்கள். அது சிஸ்டரின் மேஜை டிராயரில் இருந்தது. அது வெளியே வந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடுகிறேன் என்று தாராவியின் மனைவி சொல்லியனுப்பியிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் சீமையில் படித்துவிட்டுப் புதிதாக ஒரு மராட்டிக்கார டாக்டர் வந்தார். வார்டை நடத்துவதில் நோயாளிகளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார். சனிக்கிழமைதோறும் கூட்டம், டாக்டர், சிஸ்டர், நோயாளிகள் தரப்பில் ஒருவர். சிஸ்டர் மலையாளி, இருபது வருஷ சர்வீஸ். அவர் முகத்தைப் பார்த்தேன். புதிதாகக் கழுவிய தரைமேல் யாரோ செருப்போடு நடப்பதைப் பார்ப்பவர் முகம்.

இங்கிலீஷ் தெரியும் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு தகுதி இல்லை.

இங்கே எது கஷ்டம் என்று டாக்டர் கேட்டார். சாய் என்றேன். கெட்டில் தாண்டிப் போவதைச் சொன்னேன், நன்றாகவே சொன்னேன். என்ன செய்யலாம் என்றார். குமாஸ்தா மூளை, தாண்டவே கூடாது என்று கணக்குப் போட்டது. கரண்ட் நாளில் எல்லாம் முடிகிறவரை யாருக்குமே சாய் வேண்டாம். அப்போது யாருக்கு என்று ஒருவருக்கும் தெரியாதே. டாக்டர் தலையாட்டினார். சிஸ்டர்கூட எழுதிக்கொண்டார். நான் தரைக்கு ஒரு சாண் மேலே மிதந்து திரும்பி வந்து படுத்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. எனக்காகப் பெய்வதுபோல் இருந்தது.

செவ்வாய் விடிந்தது. கெட்டில் வரவில்லை.

மற்றப் பத்தொன்பது பேரும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்திருந்தார்கள். கெட்டில் வரவில்லை. முடிவை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பிறகு கல்யாண்காரக் கிழவர் ஒருவர் யாரையும் பார்க்காமல் சொன்னார், "ஆஜ் சப் கோ." இன்றைக்கு எல்லோருக்கும். சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். ஒருவர் அழ ஆரம்பித்தார். தாராவி எழுந்து ஓடினார். அன்றைக்குப் பட்டியலில் அவர் பெயரே கிடையாது. படியிறங்கி, மழையில், ஆஸ்பத்திரிச் சட்டையோடு கேட்வரை போய்விட்டார். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து போட்டார்கள். சேறு சொட்டிக்கொண்டிருந்தது. சிஸ்டர் டிராயரைத் திறந்து காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். சனிக்கிழமை முடிவு செய்வதாகவும் அதுவரை கரண்ட் இல்லை என்றும் டாக்டர் சொன்னார்.

மத்தியானம் தாராவி என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"இது ஒம்ம யோசனைதானாமே. மௌசி சொன்னா."

"நல்லதுன்னு நினைச்சுத்தான் சொன்னேன்."

"யாரக் கேட்டுவே சொன்னீரு?"

நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ஏழாம் நம்பர்ல இருக்கீரு, எட்டுல நான் கெடக்கேன். திரும்பிப் படுத்தாக் கேட்டுரலாம். இருவது பேரு தொண்டையும் ஒம்ம ஒருத்தர் தொண்டையாவே? ஒமக்கு இங்கிலீஷு தெரியும்னா எங்களுக்கு நாக்கு காயணுமா?"

"சரி, நீங்க என்ன சொல்லியிருப்பேள்?"

"இப்பக் கேளும்," என்றார் அவர். பிறகு அந்தப் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டார்.

தூங்கி எழுந்த பிறகு மெதுவாகச் சொன்னார். கேட்டதும், இதை நான் போய்ச் சொல்லக் கூடாது என்று மட்டும் புரிந்தது. சனிக்கிழமை அவரைக் கையோடு அழைத்துப் போனேன். நாற்காலி மூன்றுதான் இருந்தது. என்னுடையதில் அவரை உட்காரவைத்துவிட்டுச் சுவரோரம் நின்றேன். மேஜைமேல் அந்தக் காகிதம் இருந்தது. அது என்னவென்று அவருக்குத் தெரியும். அவர் அதைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்தார். மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன், டாக்டர் கைகாட்டி நிறுத்தினார். தாராவி தன் பம்பாய் இந்தியில், திருநெல்வேலி ராகம் போட்டுப் பேசினார். எனக்குள் அது தமிழாகவே தங்கியிருக்கிறது.

"சாப், எங்க பட்டறையில சுண்ணாம்புக் குழி இருக்கு. தோல ஊறப்போடுத குழி. அதுல எறங்குனா காலு வெந்துரும். ஆனா எறங்கித்தான் ஆவணும், செய்யுத காம் அப்படி. நாளைக்கு யாரு எறங்கணும்னு மேஸ்திரி முந்துன நாள் சாயங்காலமே சொல்லிருவாரு. வீட்டுக்குப் போயி காலுக்கு எண்ணெ தேச்சுக்கிட்டுப் படுப்போம். எறங்கும்போது கரையில ஒருத்தன் நிப்பான், காலி-பீலி, சும்மாத்தான் நிப்பான், ஆனா நிப்பான். ஏறி வந்தா அவன் கையில சாய் இருக்கும். அவ்வளவுதான் சாப். அதுக்கு மேல கேக்கல."

"சொன்னால் ராத்திரி தூங்குவாயா?" என்று கேட்டார் டாக்டர்.

"தூங்க மாட்டேன். ஒரு ராத்திரிதானே. இப்ப எந்த ராத்திரியும் தூங்கல."

"அடிக்காமல் வருவாயா?"

"அது எனக்குத் தெரியாது சாப். பயம் வரும். திடுக்குன்னு வராது."

சிஸ்டர் பேனாவை மூடினார். "கரையில் நிக்கறதுக்கு ஆரு உண்டு? எனக்கு நர்ஸ் ரெண்டே ரெண்டு."

தாராவி திரும்பிப் பார்க்காமலே கட்டை விரலால் சுவரோரத்தைக் காட்டினார். "இந்தா நிக்காரே. நிக்கத்தான் தெரியும் இவருக்கு. ரயிலடியில நாலு நாளு நின்ன ஆளு."

நான் உட்கார்ந்திருந்தேன் என்று திருத்தவில்லை.

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார், சிஸ்டர் காகிதத்தைப் பார்த்தார். ஒரே ஒரு செவ்வாய் பார்ப்போம் என்று முடிவாயிற்று. அன்றைக்கும் கை ஓங்கினால் புதன்கிழமை வண்டி. காகிதம் டிராயருக்குள் போனது. சத்தமில்லாமல் போனது.

திங்கட்கிழமை சாயங்காலம் சிஸ்டர் எட்டாம் கட்டிலுக்கு வந்தார். பட்டியலைப் பார்த்தபடியே, அதைவிட மெதுவாகப் பேச முடியாது என்னும் குரலில், "நாளைக்கு நீங்க" என்றார். தாராவி தேங்காய் எண்ணெய் கிடைக்குமா என்று கேட்டார். சிஸ்டர் தன் சொந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். தாராவி அதை முழங்கால்வரை தேய்த்துக்கொண்டு படுத்தார்.

"பழக்கம்வே," என்றார் என்னிடம்.

விடிந்தது. மௌசி கெட்டிலோடு வந்தாள், எல்லோருக்கும் ஊற்றினாள். எட்டாம் கட்டிலில் வேகமெடுக்கவில்லை. நின்றாள். அவருடைய கிளாஸை வாங்கி, ஊற்றி, ஒரு சாசரால் மூடி என் கையில் கொடுத்தாள். அவர் எழுந்தார். பாதம் தரையில் படும்போது எண்ணெய்க் கால் வழுக்குகிறதோ என்று பார்த்தேன். பச்சைத் திரைவரை தானே நடந்தார். யாரும் தொடவில்லை.

"எறங்குதேன். கரையில நில்லும்."

நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நான் எங்கும் நின்றதில்லை. கையில் கிளாஸின் சூடு. திரைக்குப் பின்னால் ஏதோ அசைந்து அடங்கியது. மழை, ஜன்னல், ஒரு வண்டியின் ஊதல், எல்லாம் ஒரே தண்ணீருக்கு அடியில் இருந்தன. சிஸ்டர் என்னைத் தாண்டிப் போய் மேஜை டிராயரைத் திறந்தார். காகிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். எனக்குக் காட்டுவதற்காகச் செய்யவில்லை. ஆனால் நான் பார்க்கும்படித்தான் செய்தார்.

தாராவி கண் திறக்க வெகுநேரமாயிற்று. திறந்த கண்ணில் யாரும் இல்லை. பிறகு ஒவ்வொருவராக அந்தக் கண்ணுக்குள் வந்தார்கள்.

"இது எந்த ஊரு?"

"செம்பூர். ஆஸ்பத்திரி."

"நீரு?"

"மாட்டுங்கா."

தலையாட்டினார், எனக்காக, தெரிந்ததுபோல. கிளாஸைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார்.

"ஆறிப்போச்சு," என்றார். இன்னொரு வாய் குடித்தார். "ஆனாலும் நல்ல ஏற்பாடு. முந்தியெல்லாம் இப்படி யாரும் நிக்க மாட்டாவளே. யாருவே செஞ்சது?"

"நீங்கதான். சனிக்கிழமை கூட்டத்துல வந்து சொன்னேள்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். குழியும் மேஸ்திரியும் எண்ணெயுமாக அவர் அவ்வளவு அழகாகச் சொன்ன அத்தனையும் கரண்டோடு அவரைவிட்டுப் போயிருந்தன. என்னிடம்தான் இருந்தன.

"நானா? டாக்டர் முன்னாலயா?" மெல்லச் சிரிப்பு வந்தது அவருக்கு. "கத வுடாதேயும்."

பிறகு பாதி சாயை என் பக்கம் நீட்டினார். கரையில் நின்றவனுக்கும் பட்டறையில் பங்கு உண்டாம். அது மட்டும் அவருக்கு ஞாபகம் இருந்தது.