இருபத்தோரு நாள் அட்டவணை

என் அக்காவின் கணவருக்கு பஸ் டிப்போவில் 'நிமிஷம்' என்று பெயர். இருபத்தாறு வருஷமாக அங்கே நேர அட்டவணை போடுகிறவர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த டிரைவர் எங்கே இறங்கி டீ குடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் பென்சிலில்தான் முடிவாகும். ஊரையே ஓட வைத்த மனிதர், தான் மட்டும் மேஜையை விட்டு எங்கும் நகர்ந்ததில்லை. அவர் குளிக்கப் போகிற நேரத்தைப் பார்த்து நான் என் கடிகாரத்தைச் சரிசெய்திருக்கிறேன். முதல் பத்து வருஷம் எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

அக்கா பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லித் தருகிறவள். ஒரு பெரிய நாட்டின் படத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைந்துவிடுவாள். இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் ஒரு கடல், நடுவில் புல்வெளி, பனிமலை, பாலைவனம், எல்லாம் ஒரே நாட்டுக்குள். எங்கள் வீட்டில் அந்த நாட்டின் பெயரை யாரும் சொல்வதில்லை. 'அங்க' என்றால் அதுதான். 'அங்க ஒரு தடவை போயிடணும்' என்று அவள் சொல்ல ஆரம்பித்த காலத்தில் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் நன்றாக இருந்தன.

நாலு வருஷமாக அவை வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி காலையில் டயாலிசிஸ், நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து கிடக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயர் இருக்கிறது. போன் வந்தால் நாலு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். அதனால் அவள் எங்கேயும் போவதில்லை. எங்கள் யாருடைய சிறுநீரகமும் அவளுக்குப் பொருந்தவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வரும், யார் மேல் என்றுதான் தெரியாது.

போன வருஷக் கடைசியில் ஒரு நாள் அத்தான் டிப்போவிலிருந்து பெரிய கட்டம் போட்ட தாள்கள் மூன்றைக் கொண்டுவந்து, டேப் போட்டு ஒட்டி, சாப்பாட்டு மேஜை மேல் விரித்தார்.

"அங்க போலாம்" என்றார்.

அக்கா சிரித்தாள். "நாற்காலியையும் தூக்கிட்டா?"

"நாற்காலி அங்கயும் இருக்கு. வெளியூர்க்காரங்களுக்கும் தர்றாங்க. பட்டியல் விஷயத்தை ஆஸ்பத்திரில நான் கேட்டுக்கறேன். முதல்ல டீசல் எங்கெங்க கிடைக்கும்னு பாப்போம். ரூட்டை அப்புறம் போடுவோம்."

அப்படித்தான் போட்டார். மற்றவர்கள் பார்க்க வேண்டிய இடங்களைக் குறித்துக்கொண்டு ஊரைத் தேடுவார்கள். இவர் டயாலிசிஸ் நடக்கிற ஊர்களைக் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் என்ன கண்ணில் படுகிறதோ அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கடல் சரி, புல்வெளி வழியாக ரயில் சரி, மலையும் சரி. அக்கா மெதுவாக, "அப்ப பாலைவனம்?" என்றாள். அதைத்தான் அவள் எல்லாவற்றையும்விட அதிகம் ஆசைப்பட்டாள். அத்தான் மூன்று நாள் தாளையே முறைத்துக்கொண்டிருந்தார்.

நாலாவது நாள் கண்டுபிடித்துவிட்டார். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் ஒரு நாள் கூடுதலாக இருக்கிறது. பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அதில் இரண்டே இரண்டு மெஷின். வெள்ளி காலை அங்கே நாற்காலி, சனி ஞாயிறு மணல், திங்கள் காலை மறுபடி அதே நாற்காலி. பாலைவனத்தையே தான் வெட்டி வைத்ததுபோல் சொன்னார். அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

அவருக்கு ஒற்றை விரலில்தான் டைப் அடிக்க வரும். அதனால் அவர் குறித்துவைத்த ஒன்பது ஆஸ்பத்திரிகளுக்கும் நான்தான் மெயில் எழுதினேன். பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. மொத்தம் இருபத்தோரு நாள். டயாலிசிஸில் பக்கத்து நாற்காலி அம்மாவிடம் அக்கா மணலின் வகைகளை எல்லாம் விளக்கிக்கொண்டிருந்தாளாம். நர்ஸ் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டே அத்தான், "பாலைவன ஊர்க்காரங்க முடியாதுன்னுட்டாங்க" என்றார்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. 'தாராளமாக வாருங்கள், ரிப்போர்ட்டை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள்' என்று அவர்கள் எழுதிய பதிலை நானே பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுத்திருந்தேன். அவர் தட்டை விட்டு நிமிரவில்லை. அக்கா, "சரி, பரவாயில்ல" என்று எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் நான் டிப்போவுக்கே போய்விட்டேன். நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ் கொடுத்தது. வெளிநாடு போகிற நாட்களுக்குப் பட்டியலில் பெயரை நிறுத்திவைப்பார்கள். காத்திருந்த வருஷங்கள் வீணாகாது. ஆனால் அந்த நாட்களில் பொருத்தமான சிறுநீரகம் வந்தால் அது அடுத்தவருக்குப் போய்விடும். அதற்குச் சம்மதம் என்று நோயாளி கையெழுத்துப் போட வேண்டும்.

"இந்த வருஷத்துக்குள்ள கிடைச்சுடும்னு டாக்டர் சொல்றார்மா" என்றார். "அந்த இருபத்தோரு நாள்ல வந்துட்டா?"

"அக்காகிட்ட சொல்லுங்க அத்தான்."

"சொன்னா போலாம்னுதான் சொல்லுவா. உனக்குத் தெரியாதா?"

தெரியும். சண்டைக்குப் போனவள் அவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் செய்த தப்பில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு.

அடுத்த வாரம் மலை போயிற்று. உயரத்தில் ரத்த அழுத்தம் ஏறும் என்றார். அதற்கடுத்து ரயில். ஒன்பது மணி நேரம் உட்கார முடியாது என்றார். இருபத்தொன்று பதினாலாகி, பதினாலு எட்டாயிற்று. கடைசியில் ஒரே ஒரு நகரம் மிஞ்சியது. "எட்டு நாளுக்காக இவ்வளவு தூரம் போகணுமா, யோசி" என்று அவர் ஆரம்பித்தபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள்.

"இது உங்க டிப்போ வேலைதானே?" என்றாள்.

டிப்போவில் எந்தத் தடத்தையும் ஒரேயடியாக நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் ஜனங்கள் வந்து கத்துவார்கள். ஆறு தடவை போகிற பஸ்ஸை முதலில் நாலாக்குவார்கள். பிறகு யாருக்கும் தோதுப்படாத நேரத்துக்கு மாற்றுவார்கள். பிறகு இரண்டு ஸ்டாப்பை எடுப்பார்கள். ஒரு கட்டத்தில் ஜனங்களே அந்த பஸ்ஸுக்குக் காத்திருப்பதை விட்டுவிடுவார்கள். அப்போது 'பயணிகள் இல்லை' என்று எழுதி ஃபைலை மூடிவிடலாம். இதை எங்களுக்குச் சொன்னவரே அத்தான்தான்.

"நாப்பத்தேழாம் நம்பரை எப்படிச் சாகடிச்சீங்கன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்களே. இப்ப நான்தான் நாப்பத்தேழாம் நம்பரா?"

அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எனக்கும் தெரியும் என்று நானும் சொன்னேன். அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"என்னைக் கேக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணவே இல்லையா?"

"நீ இருக்கணும்" என்றார் அத்தான். "நீ இருந்தா எனக்குப் போதும்." காதில் பென்சிலோடு, ஐம்பத்து மூன்று வயசு மனிதர் விசும்பி விசும்பி அழுதார்.

"எனக்குப் போதலைங்க" என்றாள் அக்கா. பிறகு நாலு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த புதன்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் மூன்று பேரும் தலைமை நர்ஸின் அறைக்குப் போனோம். அத்தான் பழைய தாளைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். பாலைவனம் அதில் திரும்ப வந்திருந்தது. நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினாள். எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை என்று இரண்டு கட்டங்கள்.

"விமானம் மத்தியானம் ரெண்டு நாப்பதுக்குதாம்மா" என்றார் அத்தான். "அதுவரைக்கும் பேர் பட்டியல்ல இருக்கட்டுமே. திரும்பி வர்றப்போ காலைல ஆறு பத்துக்கு இறங்கிடுவோம். ஆறு பத்துலேருந்து சேத்துக்குங்க."

"தேதி மட்டும்தான் சார் போட முடியும். மணி எல்லாம் கிடையாது."

"ஓரமா எழுதிக்கலாமே. இடம் இருக்கே. ரெண்டு நாப்பதுன்னு சின்னதா..."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வாழ்நாளில் யாரிடமும் ஒரு நிமிஷம் சலுகை கேட்காத மனிதர் அவர். கிளம்புகிற நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து போட்டுக்கொள்கிறேன், வந்து இறங்குகிற நாளிலேயே பெயரைத் திரும்பச் சேர்த்துவிடுகிறேன் என்று கடைசியில் நர்ஸே இறங்கி வந்தாள். அத்தானுக்கு மூச்சு வந்தது.

அக்கா படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அத்தான் குனிந்து பார்த்தார். அட்டவணைக்காரர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"ஒரு நாள் கூட எழுதிட்டே. இருபதாந்தேதியே வந்துடறோம். நீ இருபத்தொண்ணு போட்டிருக்கே."

"தெரிஞ்சுதான் போட்டேன். வந்து இறங்கின அன்னிக்கு நம்ம வீட்டுல, எதுக்கும் காத்திருக்காம நான் ஒரு நாள் படுத்துத் தூங்கணும். மறுநாள்லேருந்து உங்களுக்காகக் காத்திருக்கேன்."

சாட்சிக் கையெழுத்து அத்தான்தான் போட வேண்டும். போட்டார். அதன்பிறகு பேனாவை மூட வரவில்லை அவருக்கு. நான்தான் வாங்கி மூடினேன்.